புற்றுக்குப் போகும் புகை: வேற்றுக்கிரக விளையாட்டுகளில் மண் பார்ப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு ராயபுரத்திலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். அந்த நேரத்தில் போன் வந்தால் ஆஸ்பத்திரிச் செய்தியாகத்தான் இருக்கும் என்று பதறி எடுத்தேன். "அத்தை, எல்லாம் போய்விட்டது. இருபது டிரில், முப்பத்திரண்டு உலை, ஒன்றுகூட மிச்சமில்லை" என்றான். வேற்றுக்கிரகத்தில் தாது தோண்டி ஆலை கட்டுகிற ஃபாக்டோரியோ என்ற கணினி விளையாட்டில் அவன் கட்டிய தொழிற்சாலையைப் பூச்சிகள் தின்றுவிட்டிருந்தன.

"எங்கே கட்டினாய்?"

"பெரிய இரும்புத் தாது இருந்தது அத்தை. அதை ஒட்டியே."

"தரை எப்படி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மணல் என்று நினைக்கிறேன்."

நினைக்கிறானாம்! இரண்டு நாளாக அந்தத் தரைமேல் பட்டை பட்டையாகக் கன்வேயர் போட்டிருக்கிறான். காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்த வகை விளையாட்டுகளில் புதிதாக இறங்குகிற எல்லோரும் முதலில் தாதுவைப் பார்க்கிறார்கள், பிறகு எதிரியைப் பார்க்கிறார்கள். மண்ணை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எனக்கு இது விளையாட்டில் வந்த அறிவு இல்லை. என் ஆயா எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் இறால் பிடித்தவர். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார். இறால் கண்ணுக்குத் தெரியாது. சேறு வழுவழுப்பாக இருந்தால் ஒரு வகை, மணல் கலந்து நறநறத்தால் வேறு வகை, அலையாத்தி வேர் தட்டுப்பட்டால் நண்டு கடிக்கும் என்று கையை இழுத்துக்கொள்ள வேண்டும். என் இப்போதைய வேலையும் ஏறக்குறைய அதுதான். மணலிப் பக்கம் ஒரு சரக்குப் பெட்டக யார்டில் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று திட்டமிடுகிறேன். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிற மூலையில் கனமான பெட்டியை வைத்துவிட்டால் மறுநாள் எடுக்கிற வண்டி சக்கரம் புதைந்து நிற்கும். பெட்டிக்குள் தங்கமே இருந்தாலும் தரை தரைதான்.

பள்ளியில் ஐந்திணை படித்திருப்போம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனது, முப்பது வயதுக்குப் பிறகு கணினி விளையாட்டில் திரும்பி வந்தது. வேற்றுக்கிரக வரைபடம் ஒன்றைத் திறந்தவுடன் நான் கேட்பது அந்தப் பழைய கேள்விகளைத்தான். இது என்ன நிலம்? இங்கே எந்த உயிர் வாழும்? இங்கே என்ன விளையும்? மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கும், ஏனென்றால் விளையாட்டை வடிவமைக்கிறவர்கள் செல்வத்தையும் ஆபத்தையும் ஒரே நிலத்தில்தான் வைப்பார்கள்.

1992இல் வந்த டியூன் 2 என்ற போர் விளையாட்டு இதற்கு முதல் பாடம். அதில் கட்டடம் கட்டப் பாறை வேண்டும். பணம் தரும் மசாலாவோ மணலில்தான் கிடக்கும். ராட்சதப் புழு மணலில் மட்டுமே ஓடும், பாறைக்கு வராது. ஆக, வீடு பாறையில், வயல் மணலில், இடையில் புழு. அறுவடை வண்டி வாய் நிறைய மசாலாவோடு திரும்பும்போதுதான் புழு வரும். வண்டி, சரக்கு எல்லாம் ஒரே வாயில் போய்விடும். பாறை விளிம்பை ஒட்டிக் கிடக்கிற மசாலாவை முதலில் அள்ள வேண்டும், நடு மணலுக்குப் போவதாக இருந்தால் வண்டியைத் தூக்கி வரும் விமானம் வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் தந்திரம். பாறை, மணல் என்று இரண்டே நிலம் இருந்த விளையாட்டிலேயே இத்தனை கணக்கு.

புகையின் கணக்கு

அண்ணன் மகன் தோற்ற இடத்துக்கு வருகிறேன். ஃபாக்டோரியோவில் நம் இயந்திரங்கள் மாசு கக்கும். பைட்டர் என்ற பூச்சிகளும் அமிலம் துப்புகிற அதன் உறவினங்களும் புற்றுகளில் வாழும். புகை புற்றை எட்டாதவரை அவை தாமாகப் படையெடுத்து வருவதில்லை. புகை எட்டிவிட்டால் புற்று அதை உறிஞ்சும்; உறிஞ்சிய அளவுக்கு ஏற்பப் பூச்சிகளைக் கூட்டி அனுப்பும். சிறிய பூச்சி ஒன்றுக்கு 4 அலகு புகை செலவு. நடுத்தரப் பூச்சிக்கு 20, பெரியதற்கு 80, பூதத்துக்கு 400.

இதை வைத்து அவன் ஆலையைக் கணக்குப் போடலாம். ஒரு மின் டிரில் நிமிடத்துக்கு 10 அலகு புகை விடும்; இருபதுக்கு 200. இருபது டிரில்லும் சேர்ந்து 1.8 மெகாவாட் இழுக்கும். அது சரியாக மின்சாரத்துக்கு நீராவி தரும் ஒரு பாய்லரின் வேலை, பாய்லர் விடும் புகை நிமிடத்துக்கு 30. அந்தத் தாது முழுவதையும் உருக்க முப்பத்திரண்டு கல் உலை, உலைக்கு 2 வீதம் 64. மொத்தம் 294. அத்தனையும் புற்றுக்குப் போய்ச் சேர்ந்தால் நிமிடத்துக்கு எழுபத்து மூன்று சிறிய பூச்சிகள். அவன் வைத்திருந்தது நான்கு காவல் துப்பாக்கி. அதில் இரண்டில் குண்டு தீர்ந்துபோயிருந்தது என்று பிறகு ஒத்துக்கொண்டான்.

இங்கேதான் மண் வருகிறது. 294 அலகும் புற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வரைபடம் 32க்கு 32 அளவுள்ள சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. புகை ஒரு சதுரத்திலிருந்து பக்கத்துச் சதுரங்களுக்குக் கசிந்து கசிந்துதான் நகரும். வழியில் தரை கொஞ்சம் குடிக்கும், தண்ணீர் கொஞ்சம் குடிக்கும், மரம் நிறையக் குடிக்கும். புல்தரைக்கும் மணலுக்கும் தம்மளவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பச்சையாகத் தெரிகிறது என்று புல்வெளியில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மரம் எத்தனை என்று எண்ண வேண்டும். பாலை நிலம் ஆபத்தாவது அங்கே மணல் இருப்பதால் என்பதைவிட மரம் இல்லாததால்.

எர்ணாவூரில் இருபத்தைந்து வருடமாக வீடு. புகை எந்த வேளையில் எந்தத் திசைக்குப் போகும் என்று எங்கள் தெருவில் துணி காயப்போடுகிற எல்லோருக்கும் தெரியும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் மேற்கே போகும், இரவில் நிலக்காற்று திரும்பினால் நம் மொட்டை மாடிக்கு வரும். வாசனையை வைத்தே மணி சொல்லலாம். ஃபாக்டோரியோவில் காற்றுக்கு இந்த அதிகாரம் இல்லை. புகை நான்கு பக்கமும் சமமாகப் பரவும். அந்த ஒரு கருணையை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் கணக்கு எளிதாகிவிடுகிறது: ஆலையிலிருந்து ஒவ்வொரு புற்றுக்கும் கோடு போடுங்கள், எந்தக் கோட்டில் மரம் குறைவோ அந்தப் பக்கமிருந்துதான் முதல் படை வரும். அந்தப் பக்கம்தான் முதல் சுவர்.

புகை எதுவரை போயிருக்கிறது என்பதை வரைபடத்தில் சிவப்பு நிழலாகப் பார்க்கலாம். அந்த வசதியை அவன் இயக்கவே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். சிவப்பின் விளிம்பு காட்டுக்குள் நுழைந்து அங்கேயே நின்றால் காடு வேலை செய்கிறது. இலை உதிர்ந்து மொட்டையான மரங்கள் தெரிந்தால் காடு திணறுகிறது. மொட்டை மரம் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் அடுத்த மரத்துக்குச் சுமை கூடும். முல்லை திரிந்து பாலையாவதைக் கண்முன்னே காட்டுகிற விளையாட்டு இது.

மரம் இடைஞ்சலாக இருக்கிறது என்று கையெறி குண்டு வீசி ஒரே வீச்சில் சுத்தம் செய்கிற பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான்கு பட்டை போடுவதற்கு நாற்பது மரம் எதற்கு? பட்டையைச் சுற்றிப் போட்டால் இரண்டு நிமிடம் கூடும். அந்த நாற்பது மரம் விளையாட்டு முடியும்வரை உங்களுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரர்கள்.

தண்ணீர் வேறு வகையில் உதவும். பூச்சிகளுக்கு நீந்தத் தெரியாது. ஏரி இரண்டு பக்கம் இருந்தால் காக்க வேண்டிய எல்லை பாதியாகும். இரண்டு ஏரிகளுக்கு நடுவே உள்ள குறுகலான தரை, எங்கள் பக்கத்தில் கொசஸ்தலையாற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல்திட்டு மாதிரி இருக்கும். அதில் எட்டுத் துப்பாக்கியை நெருக்கி வைத்தால் போதும், திறந்த வெளியில் முப்பது வைப்பதற்குச் சமம். செங்குத்துப் பாறைச் சரிவுகளும் இப்படித்தான். அவசரப்பட்டுப் பாறையை வெடித்துத் தள்ளாதீர்கள்.

பாலையில்தான் இருந்தாக வேண்டும் என்றால்

சில வரைபடங்களில் வேறு வழி இருக்காது. தாது அங்கேதான் இருக்கும். அப்போது என்ன செய்வது என்பதற்குத்தான் அவனை ஒரு மணி நேரம் போனில் உட்கார வைத்தேன்.

பாலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெட்ட மரமில்லாத, வழித்த தட்டு மாதிரி வெறும் வெளி. சூரியத் தகடு விரிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சூரியத் தகடு புகை விடாது. ஆனால் 1.8 மெகாவாட்டுக்கு நாற்பத்து மூன்று தகடு வேண்டும், இரவுக்கு முப்பத்தாறு மின்கலம் வேண்டும் என்றதும் அவன் மூச்சு விட்டது போனில் கேட்டது.

"முதலில் டிரில்லின் பசியைக் குறை" என்றேன். இயந்திரத்தில் பொருத்துகிற துணைக்கருவிகளில் சிக்கன மாட்யூல் என்று பச்சை நிறத்தில் ஒன்று உண்டு. வேகத்தைக் கூட்டாது என்பதால் பையன்கள் அதைத் தொடுவதில்லை. முதல் நிலை மாட்யூல் ஒன்று மின்சாரத்தை 30 விழுக்காடு குறைக்கும். டிரில்லில் மூன்று பொருத்தலாம். கூட்டினால் 90 வரும், விளையாட்டு 80க்கு மேல் அனுமதிக்காது. ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம், அதே விகிதத்தில் புகையும். 10 அலகு விட்ட டிரில் 2 அலகு விடும், தாதுவின் வேகமோ துளிகூடக் குறையாது. இருபது டிரில்லுக்கு 200 என்பது 40 ஆகும். மின்தேவை 1.8லிருந்து 0.36 மெகாவாட், ஒன்பது தகடும் எட்டு மின்கலமும் போதும், பாய்லரை அணைத்துவிடலாம்.

செலவு? அறுபது மாட்யூல். அதற்குச் சிவப்பு சர்க்யூட் 300, பச்சை சர்க்யூட் 300. "அதற்குக் குண்டே செய்துவிடலாமே அத்தை" என்றான். செய்யலாம். குண்டு தீரும், மறுபடி செய்ய வேண்டும், அதற்குத் தாது தோண்ட வேண்டும், அந்த டிரில் புகை விடும், அந்தப் புகைக்குப் பூச்சி வரும், அந்தப் பூச்சிக்குக் குண்டு வேண்டும். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற கதை.

உலைகளின் 64 அப்படியே இருக்கும். எஃகு உலைக்கு மாறினால் குறையுமா என்று கேட்டான். எஃகு உலை இரண்டு மடங்கு வேகம், பாதி எண்ணிக்கை போதும். ஆனால் ஒவ்வொன்றும் 4 அலகு விடும். பதினாறு நான்கு அறுபத்து நான்கு. கரி பாதி மிச்சமாகும், புகை அதேதான். அதனால் உலைகளை மட்டும் மரம் இருக்கிற பக்கத்துக்கு நகர்த்தி, தாதுவைப் பட்டையில் அங்கே கொண்டு போகச் சொன்னேன். தோண்டுகிற இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. உருக்குகிற இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மரங்கள் படையெடுப்பைத் தடுக்கும், பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்காது. பூச்சியினம் எவ்வளவு வலுவடைகிறது என்பது புற்றுக்குப் போய்ச் சேர்ந்த புகையைப் பொறுத்ததல்ல, நீங்கள் கக்கிய மொத்தப் புகையைப் பொறுத்தது. நேரம் கடப்பதும் புற்றை அழிப்பதும் அதோடு சேரும். இயல்பான அமைப்பில் அவனுடைய 294 அலகு ஆலை ஒரு மணி நேரம் ஓடினால் வளர்ச்சி ஏறக்குறைய 1.6 விழுக்காடு ஏறும். எட்டுப் புற்றுகளை அழித்தாலும் அதே அளவுதான் ஏறும். 20 விழுக்காட்டில் நடுத்தரப் பூச்சி தலைகாட்டும், 50இல் பெரியது, 90இல் பூதம். காடு இருக்கிறதே என்று கவலையில்லாமல் பாய்லரை அடுக்கிக்கொண்டே போனால், ஒருநாள் காடு தோற்கும். அன்றைக்கு வருவது சிறிய பூச்சியாக இருக்காது.

அப்படியானால் புற்றை அழிக்கலாமா? சிவப்பு நிழல் தொடப்போகிற புற்றுகளை மட்டும், தொடுவதற்கு முன்னால். எட்டாத தூரத்தில் சும்மா கிடக்கிற புற்றைத் தேடிப்போய் அடிப்பது வீண் வம்பு. ஐந்திலிருந்து இருபது வரை கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்து காலி இடத்தில் புதிய புற்று கட்டுகிற வழக்கமும் அவற்றுக்கு உண்டு; அழித்த இடத்தில் இரண்டு துப்பாக்கியாவது விட்டு வாருங்கள். முதல் விளையாட்டு என்றால் ரயில் உலகம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குடியேற்றமே நடக்காது. தாதுக்கள் தூரந்தூரமாக இருக்கும், அவ்வளவுதான்.

தொலைவுக்கும் ஒரு விலை இருக்கிறது. தொடங்கும் இடத்திலிருந்து தள்ளிப் போகப் போகத் தாதுவின் கையிருப்பு பெருகும், புற்றுகளும் பெருகும். வீட்டருகே இருக்கிற சிறிய தாதுவை ஏளனம் செய்யாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

காற்றும் காளானும்

காற்று வேலை செய்கிற கிரகம் வேண்டுமென்றால் 1999இல் வந்த ஆல்பா சென்டாரி என்ற விளையாட்டுக்குப் போங்கள். படங்கள் பழையவை, அறிவு பழையது ஆகவில்லை. அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டும், கிழக்குச் சரிவு காய்ந்து கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் வாழ்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் நகரை மேற்குச் சரிவின் அடிவாரத்தில் வையுங்கள், சோற்றுக்குப் பஞ்சமிருக்காது. உயரமான மேட்டைச் சூரிய ஆற்றலுக்கு ஒதுக்குங்கள், உயரம் கூடினால் ஆற்றல் கூடும். பாறை நிலம் சுரங்கத்துக்கு. பின்னால் தரையையே உயர்த்துகிற வசதி வரும். உங்களுக்குக் கிழக்கே இருக்கிற பகைவனின் மழையை ஒரு மேடு எழுப்பிப் பறிக்கலாம். நான் செய்திருக்கிறேன். வெட்கமில்லை.

சிவந்த காளான் காடுதான் அங்கே புற்றின் இடத்தில் இருக்கிறது. மனப்புழுக்கள் அதற்குள் ஒளிந்திருக்கும். அவற்றோடு நடப்பது மனப்போர். உங்கள் பீரங்கி எத்தனை பெரியது என்பது கணக்கில்லை, வீரர்களின் மன உறுதிதான் கணக்கு. தரையில் மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் தாக்குகிறவர் கை ஓங்கும். எனவே காளான் ஓரத்தில் புழுவைப் பார்த்துவிட்டால் காத்திருக்காமல் முதல் அடியை நீங்கள் அடியுங்கள். கொன்ற புழுவிலிருந்து கிடைக்கும் முத்துக்குக் காசு உண்டு. சுரங்கமும் ஆழ்துளையுமாக நிலத்தைக் குடைந்துகொண்டே போனால், கிரகம் கோபித்து உங்கள் நகரை ஒட்டியே புதிதாகக் காளானை முளைக்க வைக்கும், புழுவோடு சேர்த்து. நான் பாதி நிலத்தில் காடு நட்டுவிடுவேன். ஒரு முறை நட்டால் தானாகப் பரவும், உணவு 1, கனிமம் 2, ஆற்றல் 1 தரும். பெரிய லாபமில்லை, பெரிய தொல்லையுமில்லை.

2014இல் வந்த பியாண்ட் எர்த் என்ற விளையாட்டில் பசுமை, வறட்சி, காளான் என்று கிரகத்தின் தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உண்மையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஸீனோமாஸ் என்ற பச்சை வளம். பூச்சிக் கூடுகள் பெரும்பாலும் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கும். வளம் வேண்டுமென்றால் கூட்டை உடைக்க வேண்டும். உடைத்துவிட்டுக் கிணறு கட்டாமல் விட்டால் மறுபடி கூடு முளைக்கும். இரண்டு, நச்சு மூட்டம். அதில் நின்றபடி உங்கள் ஆட்ட முறையை முடித்தால் உங்கள் ஆளுக்கு உடல் தேயும், பூச்சிக்கு உடல் தேறும். மூட்டத்துக்குள் போய்ச் சண்டை போடாதீர்கள், வெளியே இழுத்து வந்து போடுங்கள். அங்குள்ள பூச்சிகள் தொடக்கத்தில் சும்மாதான் திரியும். வரிசையாகக் கொல்லத் தொடங்கினால்தான் மொத்த இனமும் முறைத்துக்கொள்ளும். பூச்சிகளை விரட்டுகிற மீயொலி வேலியை விரைவில் கட்டுங்கள். வேலி கட்டிய பின் ஒரு தேர்வு கேட்கும், வணிக வண்டிகளுக்குப் பாதுகாப்பு என்பதை எடுங்கள்.

ஐந்து கிரகம்

2024 அக்டோபரில் ஃபாக்டோரியோவுக்கு ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கம் வந்தபோது என் ஐந்திணைக் கணக்கு முழுமையாகிவிட்டது. பழைய கிரகத்தையும் சேர்த்து ஐந்து நிலம், ஒவ்வொன்றிலும் வேறு உயிர், வேறு விளைச்சல். இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

வல்கனஸ் எரிமலை நிலம். இரும்பும் செம்பும் எரிமலைக் குழம்பிலிருந்தே வார்க்கலாம். புகைக்கு வருகிற பூச்சி கிடையாது. ஆனால் டங்ஸ்டன் தாது இடிப்பான் என்ற பெரும்புழுவின் எல்லைக்குள் கிடக்கும். எல்லை வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கும். நம் ஊரில் அடுத்தவர் பட்டாவில் கம்பி நடுவது மாதிரிதான்: எல்லைக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், உள்ளே ஒரு கட்டடம் வைத்தால் புறப்பட்டு வரும். சிறியதற்கே உயிர் 30,000, நடுத்தரம் 1,00,000, பெரியது 3,00,000. அதோடு காயம் வேகமாக ஆறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டால் விடியும்வரை சுட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். துப்பாக்கிகளை ஒரே இடத்தில் நெருக்கமாகக் குவித்து, நல்ல குண்டு நிரப்பி, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். முடித்துவிட்டால் அந்த எல்லை நிரந்தரமாக உங்களுடையது, வேறு புழு வராது. முதல் டங்ஸ்டனுக்காக அவசரப்பட்டு எல்லை தாண்டாதீர்கள். வழியில் கிடக்கிற பெரிய பாறைகளை உடைத்தாலே தொடக்கத்துக்கு வேண்டியது கிடைக்கும்.

கிளேபா சதுப்பு நிலம். எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் சொல்லத் தேவையில்லை. இங்கே இயந்திரப் புகையை யாரும் பொருட்படுத்துவதில்லை. பழம் அறுவடை செய்யும்போது கிளம்புகிற வித்துத்தூள்தான் ஐங்கால் உயிர்களை இழுத்து வரும். அவற்றின் முட்டைத் தெப்பங்கள் ஆழமில்லாத தண்ணீரில் மிதக்கும். ஆக, ஈரம் எங்கே என்று பார்த்தால் எதிரி எங்கே என்று தெரிந்துவிடும். வயலை ஈரத்தை விட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், ஆனால் அந்தப் பயிர்கள் அவற்றுக்குரிய மண்ணில் மட்டுமே முளைக்கும் என்பதால் நினைத்த இடத்தில் வைக்க முடியாது. தேவைக்கு மேல் அறுக்காதீர்கள். பழம் கெட்டுப்போகும், தூளும் வீணாகக் கிளம்பும். தெப்பத்தை உடைத்தால் கிடைக்கும் முட்டை, உயிர்க்கலன் என்ற இயந்திரத்தைச் செய்ய அவசியம். அந்த முட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். 15 நிமிடத்தில் குஞ்சு பொரித்து உங்கள் ஆலைக்கு நடுவிலேயே எழுந்து நிற்கும். நான் சாப்பிடத்தான் போனேன். நெத்திலிக் குழம்பு.

ஃபுல்கோராவில் உயிரே இல்லை. இரவில் இடி விழும், எண்ணெய்க் கடலுக்கு நடுவே தீவுகள், தீவுகளில் பழைய இரும்புக் குப்பை. இடிதாங்கி நட்டுவிட்டுக் குப்பையைப் பிரியுங்கள். அக்விலோ உறைந்த நிலம். அங்கேயும் எதிரி இல்லை, சூடு போகாத குழாய் நின்றுவிடும் என்பதுதான் சண்டை. எதிரி இல்லாத நிலத்தில் நிலமே எதிரி என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன், இந்த இரண்டும் எனக்கு அத்தனை சுவையாக இல்லை.

அடுத்த வாரம் அண்ணன் மகன் புதிய வரைபடத்தின் படம் அனுப்பினான். முன்பு இருந்ததில் பாதி அளவு இரும்பு, வடக்கே ஏரி, கிழக்கே அடர்ந்த காடு, தெற்கே குட்டை. ஆலையிலிருந்து மூன்று புற்றுகளுக்கும் விரலால் சிவப்புக் கோடு போட்டிருந்தான். தென்மேற்குக் கோட்டில் மட்டும் மரங்களை எண்ணி எழுதியிருந்தான்: பதினொன்று.

"அந்தப் பக்கம் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஆறு, அத்தை. ஆறிலும் குண்டு இருக்கிறது."